முதியோரின் வங்கிக் கணக்கில் வேண்டாத பிடித்தம்: திரும்பப் பெறுவது எப்படி?

விளைந்ததைக் களத்திலேயே காசாக வாங்கி மடியில் முடிந்துகொண்ட காலம் மாறிவிட்டது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் விலை, ஆலைக்கு வெட்டிய கரும்பின் கிரயம், பிரதம மந்திரியின் கிசான் தொகை, முதியோர் ஓய்வூதியம், பயிர்ச் சேத நிவாரணம் ஆகியவை இன்று வங்கிக் கணக்கின் வழியாகவே வந்து சேருகின்றன. இடையில் கை நீட்டுவோர் குறைந்தது நல்லதே. ஆயினும் வரப்பில் நண்டு வளை இருந்தால் மடையில் எவ்வளவு நீர் விட்டாலும் வயல் நிறைவதில்லை. அறுபது வயதைக் கடந்த உழவர் பலரின் கணக்குகளில் இத்தகைய வளைகள் இருக்கின்றன. பதினேழு ரூபாய், நூற்றுப் பதினெட்டு ரூபாய், இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் என்று சிறு சிறு தொகைகள் எடுக்கப்படுகின்றன. எதற்காக என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கேட்கலாம் என்பதும் தெரிவதில்லை.

வங்கி எடுக்கும் ஒவ்வொரு காசும் தவறானது அன்று. செய்த சேவைக்குக் கட்டணம் பெற வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சேவை அந்த மனிதருக்குப் பொருத்தமானதா, அவர் தெரிந்து சம்மதித்துப் பெற்றதா என்பது வேறு கேள்வி. 2014 டிசம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஐந்து உரிமைகளைக் கூறுகிறது. வாடிக்கையாளரின் தேவைக்கும் நிலைமைக்கும் பொருத்தமானதையே அவருக்கு வழங்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஏ.டி.எம். பக்கமே போகாத முதியவருக்கு ஆண்டுக் கட்டணம் உள்ள உயர்வகை அட்டையைக் கொடுப்பது இந்தச் சாசனத்தின் கருத்துக்கு ஒத்ததாகாது.

பெரியவர்கள் தாமாகவே வங்கிக்குப் போய் இதைக் கேட்பது அரிது. படித்த மகனோ, மகளோ, தம்பி மகனோ உடன் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அந்த உதவியை எப்படிச் செய்யவேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பாஸ் புத்தகத்தைப் படியுங்கள்

எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலை மாவட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் மணிலாப் பயிர் செய்யும் 67 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நகைக் கடன் வாங்கப் போன வங்கியில், கடன் தொகையை வரவு வைப்பதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கையும் தொடங்கச் சொன்னார்கள். காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். கிசான் தொகையும் பிறகு அந்தக் கணக்குக்கே வரத் தொடங்கியது. பாஸ் புத்தகம் இரண்டு ஆண்டுகளாகப் பதியப்படாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஆடிப் பட்டத்துக்கு விதை மணிலா வாங்கப் பணம் எடுக்கப் போனபோது, இருக்கவேண்டிய தொகை இல்லை. வெறுங்கையுடன் திரும்பியவர் தம்பி மகனிடம் புத்தகத்தைக் கொடுத்தார்.

பதிந்து வாங்கிய பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். இவற்றைப் புரிந்துகொள்வதே பாதி வேலை. 'எஸ்.எம்.எஸ். சார்ஜ்' என்பது கைப்பேசிக்கு அனுப்பும் குறுஞ்செய்திக்கான கட்டணம். 'ஏ.எம்.சி.' என்பது பெரும்பாலும் ஏ.டி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணம். 'எம்.ஏ.பி.' அல்லது 'கியூ.ஏ.பி.' என்று இருந்தால், குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்பதற்கான அபராதம். முன்னது மாதச் சராசரியையும் பின்னது மூன்று மாதச் சராசரியையும் வைத்துக் கணக்கிடுவது. 'பி.எம்.எஸ்.பி.ஒய்.' என்பது அரசின் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. 'பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.' என்பது 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. 'ஜி.பி.ஏ.' என்றோ ஏதேனும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அது தனியாக விற்கப்பட்ட பாலிசியின் பிரீமியம். வங்கிக் கட்டணங்களுடன் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. சேரும். நூறு ரூபாய் அபராதம் 118 ஆவது இதனால்தான். சுருக்கெழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. அந்த வரியைச் சுட்டிக்காட்டி எழுத்தரிடமே கேட்கலாம்.

தம்பி மகன் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக் கூட்டினார். அட்டைக் கட்டணம் ஆண்டுக்கு 295 வீதம் இரண்டு ஆண்டுக்கு 590 ரூபாய். குறுஞ்செய்திக் கட்டணம் காலாண்டுக்கு ரூ. 17.70 வீதம் எட்டுக் காலாண்டுக்கு ரூ. 141.60. தனியார் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு ஆயிரம் வீதம் 2,000 ரூபாய். அரசு விபத்துக் காப்பீடு 40 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு அபராதம் மூன்று முறை 118 வீதம் 354 ரூபாய். ஆகமொத்தம் ரூ. 3,125.60. அதே இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெரியவருக்கு வந்த கிசான் தொகை, தவணைக்கு 2,000 வீதம் 12,000 ரூபாய். நான்கில் ஒரு பங்குக்கு மேல் வந்த வழியே போயிருக்கிறது.

எது நியாயம், எது அநியாயம்?

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்று போய் நின்றால், நியாயமான கோரிக்கையும் சேர்ந்து அடிபடும். களையையும் பயிரையும் பிரித்தறிந்த பிறகே களைக்கொத்தை எடுக்கவேண்டும்.

முதலில் 20 ரூபாய்க் காப்பீடு. இதை விட்டுவிட வேண்டியதில்லை. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் அடைந்தாலோ இரண்டு லட்சம் ரூபாயும், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் கிடைக்கும். கிணற்று மேட்டிலும் மின்மோட்டாரிலும் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் உழவருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. ஆனால் 436 ரூபாய் ஆயுள் காப்பீடு அப்படியன்று. அதில் 50 வயது வரை மட்டுமே சேர முடியும். 55 வயதோடு பாதுகாப்பும் முடிந்துவிடும். அறுபது வயதுக்காரர் கணக்கில் இந்தப் பிரீமியம் பிடிக்கப்பட்டிருந்தால் வங்கியில் பிறந்த தேதி தவறாகப் பதிவாகியிருக்கலாம். உடனே கேட்கவேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்து இரண்டிலும் இந்தப் பிரீமியம் போய்க்கொண்டிருந்தாலும் கிடைக்கப்போவது ஒரே ஒரு இரண்டு லட்சம்தான். இரண்டாவது பிரீமியம் வீண்.

தனியார் விபத்துக் காப்பீட்டுக்குப் பிடித்த 2,000 ரூபாய் முற்றிலும் வேறு வகை. பாலிசி விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் பாதுகாப்பே இல்லை என்று இருந்தது. பிரீமியம் பிடித்தபோது பெரியவருக்கு வயது 66, 67. வங்கிகள் காப்பீடு விற்கலாம். ஆனால் அதில் சேருவது முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் விருப்பம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று சொல்வதற்கு இடமில்லை. கணக்கிலிருந்து பிரீமியம் எடுக்க அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எங்கே என்று கேட்பதே இங்கு முதல் கேள்வி.

அடுத்தது குறைந்தபட்ச இருப்பு அபராதம். இதைப் பற்றி 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவான விதி வகுத்து, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும். அதைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தரவேண்டும். அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அபராதத்தின் காரணமாக மட்டும் சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. பெரியவரின் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒருமுறை 60 ரூபாயும் மறுமுறை 85 ரூபாயும்தான் குறைந்திருந்தது. இரண்டுக்கும் அதே 118 ரூபாய். மூன்றாவது முறை இருப்பு வெறும் 74 ரூபாய். அதில் 118 பிடித்ததால் கணக்கு 44 ரூபாய் கடனில் நின்றது. அடுத்து வந்த கிசான் தவணை அந்தக் கடனைத் தீர்த்துவிட்டே கைக்கு வந்தது. இந்த மூன்றாவது பிடித்தம் விதியை நேராக மீறுவது.

இருப்புக் குறைவு அபராதம் சிறிய செய்தி அன்று. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் மட்டும் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கிவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இல் நீக்கின. எல்லா வங்கிகளும் நீக்கிவிடவில்லை. தனியார் வங்கிகளில் கணக்கு உள்ளவர்கள் விசாரித்துக்கொள்வது நல்லது.

அரசு தரும் உதவித் தொகையிலிருந்தே இப்படிப் பிடித்த நிகழ்ச்சி தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முறையாக வரவு வைக்கப்பட்டபோது, சில வங்கிகள் அதைப் பழைய கட்டணப் பாக்கிக்கு ஈடுசெய்துகொண்டன. அவ்வாறு செய்யக்கூடாது என்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் புகார் செய்யவும் தொலைபேசி எண் அறிவிக்கப்பட்டது. கேட்க ஆள் இருந்தால் வங்கி பதில் சொல்லியே தீரவேண்டும் என்பதற்கு அது ஒரு சான்று.

குறுஞ்செய்திக் கட்டணத்தில் பெரியவர் பக்கம் சற்றுக் குறை உண்டு. உண்மையில் அனுப்பிய செய்திகளின் அளவுக்கே கட்டணம் வாங்கவேண்டும் என்று 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. ஆனால் பெரியவர் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு வங்கிக்குச் சொல்லவில்லை. செய்திகள் யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. இந்த ரூ. 141.60க்காக வழக்காடுவதில் பலனில்லை. எண்ணை மாற்றிப் பதிவதே வேலை.

"அவர் முகத்துலதானே முழிக்கணும்?"

கணக்கைப் பார்ப்பதைவிடக் கடினமானது பெரியவரைச் சம்மதிக்க வைப்பது. "விடுப்பா. பேங்க்காரங்க தப்பாவா புடிப்பாங்க? நாளைக்கு நகைக் கடனுக்கு அந்த மேனேஜர் முகத்துலதானே முழிக்கணும்?" என்று அவர் தயங்குவார். இந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. கந்து வட்டிக்காரரிடம் போகாமல் தன்னைக் காப்பாற்றியது அந்த வங்கிதான் என்பது அவருக்குத் தெரியும்.

"சண்டைக்குப் போகல பெரியப்பா. கணக்குக் கேக்கத்தான் போறோம். மணிலா வித்தா மண்டியில எடைச் சீட்டு கேக்கறீங்க இல்ல? அது மாதிரிதான்" என்று தம்பி மகன் சொன்ன பதில் சரியான பதில். புகார் கொடுத்தார் என்பதற்காக நகைக் கடனை மறுக்க வங்கிக்குக் காரணம் கிடையாது. அங்கே ஈடு நகைதானே தவிர, மேலாளரின் தயவு அன்று.

உதவி செய்பவர் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. பெரியவரின் அட்டையையோ ரகசிய எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்வது உதவி ஆகாது. கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் கணக்குதாரர். மேலாளரிடம் பேசும்போதும் அவரே முன்னால் உட்காரவேண்டும். கையெழுத்துப் போட இயலாதவராயின் சாட்சிகளின் முன்னிலையில் கைரேகை வைக்கலாம். அவரால் வங்கிக்குப் போகவே முடியாவிட்டால், "என் சார்பில் இந்தப் புகாரைக் கவனிக்க என் தம்பி மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். உறவுக்குள்ளேயே முதியோரின் பணம் போகும் வீடுகளும் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதும் முறை

வாய்ப்பேச்சாகச் சொன்ன புகாருக்குக் கால்கிடையாது. எழுத்தில் கொடுத்து, நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் பெறவேண்டும். கடிதம் தமிழில் இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேற்படக்கூடாது. கீழ்க்கண்ட மாதிரியைப் பின்பற்றலாம்.

"கிளை மேலாளர் அவர்களுக்கு. ஐயா, தங்கள் கிளையில் எனது சேமிப்புக் கணக்கு எண் இன்னது. என் வயது 67. இக்கணக்கில் கீழ்க்கண்ட தொகைகள் பிடிக்கப்பட்டுள்ளன. (தேதி, பாஸ் புத்தகத்தில் உள்ள விவரம், தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதவும்.) விபத்துக் காப்பீட்டில் சேர நான் விருப்பம் தெரிவிக்கவில்லை. அந்தப் பாலிசி என் வயதுக்குப் பொருந்துவதும் அன்று. நான் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இருப்பின் அதன் நகலைத் தரவும். குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் என் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போயுள்ளது. இது ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைக்கு முரணானது. ஏ.டி.எம். அட்டையை நான் பயன்படுத்தியதே இல்லை. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். மேற்கண்ட தொகைகளை என் கணக்கில் திரும்ப வரவு வைத்து, இனி இவற்றைப் பிடிக்காதிருக்கவும், எழுத்து மூலம் பதில் தரவும் வேண்டுகிறேன். இப்படிக்கு, கணக்குதாரர்."

இதில் கோபச் சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்று எழுதினால் மேலாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே கருத்தாக இருப்பார். தேதியும் தொகையும் விதியும் மட்டும் இருந்தால் அவர் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். பாஸ் புத்தகத்தின் அந்தந்தப் பக்க நகல்களை இணைப்பது அவசியம். அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்குத் தனியாக ஒப்புகை பெறவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் 295 ரூபாய் போகும்.

பெரியவரின் கடிதத்துக்கு இருபது நாளில் பதில் வந்தது. சம்மதப் படிவம் கிடைக்கவில்லை என்று காப்பீட்டுத் தொகை 2,000 ரூபாயும், கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கிய 118 ரூபாயும் திரும்ப வரவு வைக்கப்பட்டன. மற்ற இரண்டு அபராதங்களும் அட்டைக் கட்டணமும் 'விதிப்படி பிடித்தவை' என்று மறுக்கப்பட்டன. அட்டைக்கான விண்ணப்பத்தில் பெரியவரின் கையெழுத்து இருக்கிறது என்று அதன் நகலையும் அனுப்பியிருந்தார்கள். "ரெண்டாயிரம் வந்திருச்சே, போதும்பா" என்றார் பெரியவர். பலர் நிற்பது இந்த இடத்தில்தான். நிற்பதா, தொடர்வதா என்பது அவரவர் விருப்பம். தொடர விரும்பினால் செலவு தபால் கட்டணம் மட்டுமே.

குறைதீர்ப்பாளரிடம் செல்லுதல்

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். முன்பு தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்கள் 2021 நவம்பர் 12 அன்று ஒன்றாக இணைக்கப்பட்டன. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞரும் வேண்டியதில்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்கவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. முத்திரை வாங்கிய அந்த நகல் இங்கேதான் பயன்படும். வங்கியின் பதில் வந்தபின் மாதக்கணக்கில் காலம் கடத்தக்கூடாது.

இணையம் பழகிய பிள்ளைகள் ரிசர்வ் வங்கியின் 'சி.எம்.எஸ்.' என்னும் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். மற்றவர்கள் தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பலாம். எந்த மொழியில் வந்த கடிதத்தையும் பெறுவதற்கென்றே சண்டிகரில் ஒரு மையம் அமைக்கப்பட்டுள்ளது. முகவரி: மையப்படுத்தப்பட்ட புகார் பெறும் மையம், இந்திய ரிசர்வ் வங்கி, 4ஆம் தளம், செக்டார் 17, சண்டிகர் 160017. உறையில் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதுவது நல்லது. ஐயம் இருந்தால் 14448 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

குறைதீர்ப்பாளர் முதலில் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவரவே பார்ப்பார். பெரியவரின் புகாரிலும் அப்படியே நடந்தது. 60 ரூபாய்ப் பற்றாக்குறைக்கு நூறு ரூபாய் அபராதம் எந்த விகிதம் என்ற கேள்விக்கு வங்கியிடம் பதில் இல்லை. 236 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது. அட்டைக் கட்டணத்தில் இரண்டாம் ஆண்டுக்கான 295 ரூபாயையும் விட்டுக்கொடுத்தது. முதலாம் ஆண்டுக்கானது கையெழுத்திட்ட விண்ணப்பம் இருந்ததால் போனது போனதுதான். ஆக, 3,125 ரூபாயில் 2,649 ரூபாய் திரும்பியது. தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்தின் விலை 295 ரூபாய்.

கூட்டுறவு வங்கிகளில் கணக்கு வைத்திருப்போர் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். மாநிலக் கூட்டுறவு வங்கியும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் இந்தக் குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி ஆகாது. அங்குள்ள குறைகளைக் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளரிடமோ மண்டல இணைப்பதிவாளரிடமோதான் முறையிடவேண்டும். சண்டிகருக்கு எழுதிப் பயனில்லை.

வளையை அடையுங்கள்

பிடித்த பணம் திரும்பியது என்று இருந்துவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் பிடிப்பார்கள். கணக்கின் வகையையே மாற்றவேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கிகளிலும் உண்டு. 2005இல் எளியோருக்கான கணக்காகத் தொடங்கிய இந்த முயற்சியில்தான், புதுச்சேரியை அடுத்த மங்கலம் கிராமம் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு கிடைத்த நாட்டின் முதல் கிராமம் என்று பெயர் பெற்றது. 2012இல் அந்தக் கணக்குக்கு இப்போதைய பெயர் வந்தது. ஜன் தன் கணக்குகளும் இந்த வகையே. இதில் குறைந்தபட்ச இருப்பு என்பதே இல்லை. பணம் போடுவதற்குக் கணக்கும் கட்டணமும் இல்லை. மாதத்துக்கு நான்கு முறையாவது கட்டணமின்றி எடுக்கலாம். ஏ.டி.எம். அட்டை வேண்டுமென்றால் கட்டணமின்றியே கிடைக்கும்.

ஓய்வூதியமும் கிசான் தொகையும் மட்டும் வரும் பெரியவருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை. ஏற்கெனவே உள்ள சேமிப்புக் கணக்கை இவ்வகைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் இதை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக்கூடாது. மாதத்தில் பலமுறை பணம் எடுத்துப் புரட்டும் வியாபாரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகலாம். கணக்கு எண் மாறுமா என்பதையும் முன்கூட்டியே கேட்கவேண்டும். மாறினால் ஆதார் இணைப்பையும் உடனே சரிபார்க்கவேண்டும். இதைக் கவனிக்காமல் கிசான் தவணை வரவில்லையே என்று அலைந்து பயனில்லை.

பயிர்க் கடன் கணக்கையும் இதே கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உழவர் கடன் அட்டையில் மூன்று லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பரிசீலனைக் கட்டணம், ஆவணக் கட்டணம், பார்வையிடும் கட்டணம் ஆகியவற்றை வாங்கவேண்டாம் என்று 2019இல் இந்திய வங்கிகள் சங்கம் உறுப்பு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கடன் கணக்கில் பிடிக்கும் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் வேறு. 2020 காரீஃப் பருவத்திலிருந்து அது கட்டாயம் அன்று. வேண்டாதவர்கள் கடைசித் தேதிக்கு ஏழு நாட்களுக்கு முன் வங்கியில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆனால் சம்பா சாகுபடி செய்யும் டெல்டா உழவர்கள் இதை மிச்சம் என்று கருதி விட்டுவிடலாகாது. பருவமழையில் தாளடி நெல் மூழ்கிய ஆண்டுகளை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் பேசினால் உடனே துண்டித்துவிடவேண்டும். வங்கியோ ரிசர்வ் வங்கியோ அப்படிக் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

அரசின் இரு காப்பீடுகளும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுக்கானவை. அவற்றின் பிரீமியம் மே மாதக் கடைசி வாரத்தில் தானாகவே கணக்கிலிருந்து எடுக்கப்படும். 436 ரூபாய்க் காப்பீடு வயதின் காரணமாகப் பயன்படாது என்று தெரிந்தால், மே மாத நடுவிலேயே அதை நிறுத்தும்படி எழுதிக் கொடுக்கவேண்டும். 20 ரூபாய்க் காப்பீட்டுக்கு அந்த வாரம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கோடை உழவு முடிந்து விதை தேடும் நேரம் அது. ஜூன் முதல் வாரத்தில் விதைக்காக ஊருக்குப் போகும்போது பெரியவரின் பாஸ் புத்தகத்தையும் கையோடு எடுத்துப்போய்ப் பதிந்து வரலாம்.